மேலே ஆறு அறை, கீழே மெஸ்: ஒற்றை ஸ்டார்கள் குவிந்தால் எந்த வழி?

தங்கச்சிமடத்தில் என் அக்காவும் மச்சானும் ஒரு சின்னக் கட்டடத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். கீழே மெஸ், மேலே ஆறு அறை. கார்த்திகை பிறந்து, மாலை போட்ட சாமிகள் வேன் வேனாகப் பாம்பன் பாலம் தாண்டி வரத் தொடங்கியிருந்த வாரம் அது. எங்கோ வேறு மாவட்டத்தில் ஒரு ஹோட்டலில், சாப்பிட வந்த குடும்பத்துக்கும் பரிமாறியவருக்கும் பில் தொகையில் வாய்த்தகராறு. பேச்சு முற்றி மொழி, மதம் என்று போய்விட்டது. யாரோ படம் பிடித்துப் போட்டார்கள், ராத்திரி செய்திச் சேனல்களிலும் ஓடியது. அந்த ஹோட்டலுக்கும் எங்கள் கடைக்கும் ஒரே பெயர். சாமி பெயர்தான். இந்தக் கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் பத்துக் கடை பார்த்தால் நாலு கடை ஏதாவது ஒரு சாமி பெயரிலோ புனிதர் பெயரிலோ அவுலியா பெயரிலோதான் இருக்கும்.

இரண்டே இரவில் எங்கள் கூகுள் பக்கத்தில் 40 ஒற்றை ஸ்டார்கள் விழுந்தன. இந்தி, தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் இருந்தது. "இந்தக் கடையைப் புறக்கணியுங்கள்" என்றவர்கள் பாதிப்பேர், மீதியில் பெரும்பாலோர் கெட்ட வார்த்தை மட்டும் எழுதியவர்கள். அதுவரை எங்களிடம் இருந்தது 60 ரிவ்யூ, 4.4 ரேட்டிங். அது 3.0 ஆனது.

மறுநாள் காலை நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கீழே மெஸ்ஸில் வழக்கம்போல் கூட்டம். கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள், மீன் ஏற்றும் லாரி டிரைவர்கள், பக்கத்து ஐஸ் பிளான்ட் ஆட்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட ரேட்டிங் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. மேலேயோ, அந்த வார இறுதிக்கு வருவதாகச் சொல்லியிருந்த மூன்று குடும்பங்கள் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டன. ஒரே கட்டடம், ஒரே பெயர், ஒரே 40 ஸ்டார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாதிப்பும் இல்லை, மேலே இழவு வீடு.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு எங்களுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பேசாமல் இரு, கூகுளில் புகார் கொடு, பதில் எழுது, நல்ல ரிவ்யூ சேர், பக்கத்தை மூடு அல்லது பெயரை மாற்று, போலீசுக்குப் போ. ஆறில் நாலை நாங்கள் செய்து பார்த்தோம், இரண்டை யோசித்துவிட்டு விட்டோம். எது யாருக்கு உதவும் என்பதைப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நாளைக்கு உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ கீழக்கரையிலோ இன்னொரு கடைக்கு இது வரும்போது அவர்கள் முதல் இரண்டு நாளை எங்களைப் போல வீணாக்க வேண்டாம்.

முதலில் ஒன்று. உங்கள் வாடிக்கையாளர் உங்களைக் கண்ணால் பார்த்து வருகிறவரா, போனில் பார்த்து வருகிறவரா? எந்த வழி என்பது இதைப் பொறுத்தது. ராமேஸ்வரத்தில் தங்க வருகிறவர்களில் பெரும்பகுதி, வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டுமுறையோ வருகிற யாத்ரீகர்கள். 22 தீர்த்தமும் ஆடி, சாமி தரிசனம் செய்து, அரிச்சல்முனை வரை போய்விட்டுத் திரும்புகிறார்கள். ஊரில் அவர்களுக்குத் தெரிந்த முகம் கிடையாது. ரயில் மண்டபம் தாண்டும்போது போனைத் திறந்து, "4.0-க்கு மேல்" என்று வடிகட்டிப் பார்க்கிறவருக்கு 3.0 உள்ள லாட்ஜ் கண்ணிலேயே படாது. அது கெட்ட லாட்ஜ் என்று அவர் முடிவு செய்யக்கூட வாய்ப்பில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா சியாட்டில் நகர உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வில், யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். அந்த விளைவு தனிக் கடைகளுக்குத்தான், பெயர்பெற்ற சங்கிலிக் கடைகளுக்கு இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஏற்கனவே தெரிந்த கடைக்கு ஸ்டார் தேவையில்லை. எங்கள் மெஸ் இந்தத் தெருவுக்கு அப்படித் தெரிந்த கடை. மேலே இருக்கும் ஆறு அறையை வெளியூரில் யாருக்கும் தெரியாது.

மச்சானின் வழி, பேசாமல் இருப்பது. "மாப்ள, கச்சான் காத்து மாதிரிதான். அடிக்கிறப்ப வலையப் போடக் கூடாது. அடங்கட்டும்" என்றார். மெஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு இது சரியான வழி என்று நானும் சொல்வேன். செய்தி அடங்கியதும் கூட்டம் அடுத்த இலக்குக்குப் போய்விடும் என்பதும் உண்மை. பிரச்சினை என்னவென்றால், கோபம்தான் போகும், ஸ்டார் போகாது. கணக்கைப் பாருங்கள். 60 ரிவ்யூ 4.4 என்றால் மொத்தம் 264 ஸ்டார். அதனோடு 40 ஒற்றை ஸ்டார் சேர்ந்தால் 100 ரிவ்யூவுக்கு 304. இதிலிருந்து 4.0-ஐத் தொட வேண்டுமானால், இடையில் ஒரு குறைகூட வராமல் 96 பேர் தொடர்ந்து ஐந்து ஸ்டார் போட வேண்டும். பழைய 4.4-க்குத் திரும்ப 227 பேர். 60 ரிவ்யூ சேர எங்களுக்கு நாலு வருடம் ஆகியிருந்தது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அடங்குறதுக்குள்ள நம்ம கடன் வட்டி அடங்காதே" என்றாள். அத்தோடு அந்த வழி மாடிக்கு ஒத்துவராது என்று முடிவானது.

அடுத்தது கூகுளில் புகார். இதைத்தான் நாங்கள் முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டும், செய்யாமல் இரண்டு நாள் விட்டோம். பலருக்குத் தெரியாத ஒன்று, நேரில் அனுபவிக்காத இடத்தைப் பற்றி எழுதுவது கூகுளின் விதிப்படியே தவறு. ஒரு கடையோடு தனக்கு நடந்ததைச் சொல்லாமல், பொதுவான அரசியல், சமூகக் கருத்தை அங்கே கொட்டுவதும் விதிமீறல். அதனால் புகாரில் "பொய் எழுதுகிறார்கள்" என்று சொல்வதைவிட "தலைப்புக்குத் தொடர்பில்லாதது" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம். யார் சொல்வது உண்மை என்ற வழக்கில் கூகுள் நடுவராக உட்காராது, அதை அவர்களே சொல்கிறார்கள். விதி மீறப்பட்டதா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். கெட்ட வார்த்தைக்கும், சாதி மதத்தைச் சொல்லித் திட்டுவதற்கும், போன் நம்பரைப் போடுவதற்கும் தனித்தனிக் காரணம் உண்டு. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை.

முடிவு வரச் சில நாள் ஆகும். மறுத்துவிட்டால் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம், ஒரு தடவைக்குப் பத்து ரிவ்யூ வரைதான் சேர்க்க முடியும். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் மேல்முறையீட்டில் வீடியோ வெளியான தேதி, அது எந்த ஊர், எங்கள் முகவரி எது, 40 ரிவ்யூவும் எந்த இரண்டு இரவில் வந்தன என்பதை வரிசையாக எழுதினோம். எதையும் நீக்கக் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அதைச் சொன்னது ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் நண்பன். அவன் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தோன்றியிருக்காது.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இந்தக் கதி வந்தால் தளங்கள் தாமாகவே ஓடி வருகின்றன. 2020 மே மாதம் யூடியூப், டிக்டாக் ரசிகர் சண்டையில் டிக்டாக் செயலியின் ரேட்டிங் பிளே ஸ்டோரில் தரைமட்டமானபோது கூகுள் லட்சக்கணக்கான ரிவ்யூக்களை நீக்கியது. 2021 ஜனவரியில் அமெரிக்கப் பங்கு வர்த்தகச் செயலி ராபின்ஹுட்டுக்கு எதிராகக் குவிந்தவற்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் போனது. யெல்ப் தளத்தில், செய்தியில் அடிபடும் கடையின் பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்டி, புது ரிவ்யூ போடுவதையே தற்காலிகமாக நிறுத்துவார்கள். கூகுளும் திடீர்ப் பெருக்கத்தைக் கண்டுபிடித்தால் ஓர் இடத்துக்கு ரிவ்யூவை நிறுத்தி வைப்பதுண்டு. விதிமீறல் என்று 2023-ல் மட்டும் 17 கோடி ரிவ்யூக்களைத் தடுத்தோம் அல்லது நீக்கினோம் என்று கணக்கும் சொல்கிறார்கள். ஆனால் ஆறு அறை லாட்ஜுக்கு 40 ஸ்டார் விழுவது அந்த இயந்திரத்தின் கண்ணில் பெருக்கமாகவே தெரியாது. எங்களுக்கோ அது இருந்த ரிவ்யூவில் மூன்றில் இரண்டு பங்கு.

கூகுளுக்கு மேலே ஒரு கதவு இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தது; 2026 பிப்ரவரியில் அதை 7 நாளாகக் குறைத்தார்கள். திருப்தி இல்லாவிட்டால் 2023-ல் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம், இணையத்திலேயே. கட்டணமில்லாத வழி, வக்கீல் தேவையில்லை, ஆனால் மெதுவானது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை எங்கள் சீசனே அறுபது நாள்தான். அதில் ஒரு வாரம்கூட எங்களுக்குப் பெரிது. ஆகவே கூகுளின் சொந்தப் புகாரை முதல் நாளே கொடுத்துவிட்டு, இதையும் பக்கத்தில் ஓடவிட வேண்டும். ஒன்று முடிந்து மற்றதைத் தொடங்கினால் தை அமாவாசை வந்துவிடும்.

புகார் கொடுக்க உட்கார்ந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. அந்த நாற்பதில் இரண்டு, வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாதவை. மதுரைப் பக்கமிருந்து வந்த ஒருவர், வெந்நீர் வரவில்லை, கேட்டதற்கு ஒருமணி நேரம் கழித்து வாளியில் கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் படுக்கை விரிப்பைப் பற்றி. இரண்டும் உண்மை. அந்த வாரம் ஹீட்டர் பழுது. "இதோட சேத்து இதையும் தட்டி விட்ருவோம், யாருக்குத் தெரியப் போகுது" என்றார் மச்சான். நான் மாட்டேன் என்றேன். காசு கொடுத்துத் தங்கி, குளிருக்கு வெந்நீர் கேட்டுக் கிடைக்காதவர் சொல்வதைப் பொய்யர் கூட்டத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டால், அப்புறம் நம் கடைக்கு வராமலேயே திட்டியவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அக்கா என் பக்கம் நின்றாள். 38-ஐ மட்டும் புகார் செய்தோம்.

பதில் எழுதுவது மூன்றாவது வழி. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். முதல் ராத்திரி தூக்கமில்லாமல் ஏழு பேருக்கு ஏழு விதமாகப் பதில் போட்டேன். ஒருவருக்குக் கெஞ்சல், ஒருவருக்குக் கோபம், ஒருவரிடம் "நீ எந்த ஊர்?" என்று கேள்வி. கோபமான பதிலை ஒருவர் படம் எடுத்துப் பரப்பியதும் இன்னும் பன்னிரண்டு ஸ்டார் விழுந்தது. நாற்பதில் அந்தப் பன்னிரண்டு என் விரலால் வந்தது.

கூட்டத்துக்குப் பதில் எழுதக் கூடாது. பதிலைப் படிக்கப் போகிறவர் திட்டியவர் இல்லை, அடுத்த வாரம் அறை தேடும் யாத்ரீகர். அவருக்காக எழுத வேண்டும். பழைய பதில்களை எல்லாம் அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நாலு வரியை வைத்தோம். அந்த வீடியோ வேறு மாவட்டத்தில் உள்ள வேறு ஹோட்டல், பெயர் மட்டும் ஒன்று. நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். எங்களிடம் தங்கியவராக இருந்தால் தேதியைச் சொல்லுங்கள், பேசுகிறோம். தமிழில், இந்தியில், ஆங்கிலத்தில் போட்டோம். இந்தி வரிகளை எழுதிக் கொடுத்தது, ஆண்டுதோறும் எங்களிடம் தங்கும் ஒரு யாத்ரீகக் குழுவின் வழிகாட்டி. அந்த நாலு வரியைப் பார்த்து ஐந்து பேர் தாங்களே ஸ்டாரை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மன்னிப்பும் கேட்டிருந்தார். அத்தனை பேரும் கெட்டவர்கள் இல்லை. தவறான பெயரைத் தட்டியவர்கள்.

பெயர்க் குழப்பம் எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவைப் பற்றி ஏதோ சொன்னதாகச் செய்தி வந்தபோது, கோபத்தில் ஸ்னாப்டீல் செயலிக்கு ஒற்றை ஸ்டார் போட்டவர்கள் உண்டு. ஒன்று அமெரிக்கப் படச் செயலி, மற்றது நம் நாட்டு விற்பனைத் தளம். 2018 ஜூனில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரெட் ஹென் என்ற சிறு உணவகம் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் சாரா சாண்டர்ஸை வெளியே போகச் சொன்னது. அந்தக் கோபத்தில் வாஷிங்டனில் எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு ரெட் ஹென் உணவகத்துக்கும் வசவு விழுந்தது.

எங்கள் கதை இதுவரை சுலபமானது, தப்பு எங்களிடம் இல்லை. வீடியோவில் இருப்பது உங்கள் கடையேதான், உங்கள் ஆள்தான் கத்தினார் என்றால்? அப்போது முதல் வழி பதில்தான், புகார் பிறகு. நடந்தது இது, தவறு இது, அந்தக் குடும்பத்தோடு பேசினோம் அல்லது பேச முயல்கிறோம் என்று கடைக்காரர் தன் பெயரில் ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். பரிமாறிய பையனைப் பலிகொடுத்து "வேலையை விட்டு நீக்கிவிட்டோம்" என்று வீடியோ போடும் கடைகளைப் பார்க்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. சீசனில் காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கும் பையன் அவன். அவனை அப்படி வேலை வாங்கியது யார் என்பதும் அந்த வீடியோவில் இருக்க வேண்டும் அல்லவா? ஒன்றையும் மறக்கக் கூடாது. வெளியூர்க்காரர் ஒருவர் இந்தத் தீவில் ஏமாற்றப்பட்டால் அவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ஸ்டார்தான். மறுநாள் ரயிலேறிவிடுவார், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கா வரப் போகிறார்? அதனால் ஸ்டாரையே வெறுக்க என்னால் முடியவில்லை. சாப்பிட்டவர் கையில் அது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நாலாவது, நல்ல ரிவ்யூ சேர்ப்பது. இதில் இரண்டு பாதை. மூன்றாம் நாளே முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது, "100 ஐந்து ஸ்டார், ஒரு வாரத்தில், கேரண்டி". அவர்கள் எப்படி அவ்வளவு சரியாக அந்த நாளில் வந்தார்கள் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். மேலே சொன்ன 96 கணக்கு தலையில் ஓடிக்கொண்டிருந்ததால் ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. வாங்காததற்கு இரண்டு காரணம். கூகுள் கண்டுபிடித்தால் அந்தப் பக்கத்துக்குப் புது ரிவ்யூ வருவதையே சில காலம் நிறுத்தும், இருக்கும் ரிவ்யூக்களையும் மறைத்து வைக்கும், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்று பார்க்கிறவருக்கு அறிவிப்பும் காட்டும். அந்த ஒரு பலகை 40 ஒற்றை ஸ்டாரைவிடக் கேவலம். இரண்டாவது, வராதவன் போட்ட ஒன்றை வராதவன் போட்ட ஐந்தால் அடிப்பது. அதைச் செய்துவிட்டு 38 பேரை எப்படிப் புகார் சொல்வது? 2012-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பீட்சா கடைக்காரர் அதிபர் ஒபாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். எதிர்ப்பாளர்கள் ஒன்றாகவும் ஆதரவாளர்கள் ஐந்தாகவும் கொட்டினார்கள். இரண்டு பக்கத்திலும் பலர் அந்தக் கடை பீட்சாவை வாயில் வைத்ததே இல்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு "ஒரு அஞ்சு ஸ்டார் போடு" என்பதும் இதே வகைதான், என் சித்தப்பா பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும். காசு கொடுக்காவிட்டால் ஒற்றை ஸ்டார் போடுவேன் என்று யாராவது மிரட்டினால் அது வேறு விஷயம். அதற்கென்றே கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது. பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

உண்மையான பாதை மெதுவானது, ஆனால் அதுதான் எங்களைத் தூக்கிவிட்டது. வருகிறவர்களிடம் கேட்பது. கேட்கலாம், விதியில் தடையில்லை. ஆனால் ரிவ்யூவுக்காகத் தள்ளுபடியோ டீயோ கொடுக்கக் கூடாது, திருப்தியானவரை மட்டும் பொறுக்கிக் கேட்கவும் கூடாது. அறையைக் காலி செய்யும் எல்லாரிடமும் அக்கா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "நல்லதோ குறையோ, உள்ளத எழுதிட்டுப் போங்க." கியூஆர் கோடு அச்சடித்து வரவேற்பு மேஜையில் ஒட்டினோம். எங்கே கேட்கிறோம் என்பதும் முக்கியம் என்று கண்டுகொண்டோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடுகிறவர் எழுத மாட்டார். காலையில் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்பி, ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கீழே இட்லிக்கு உட்காருகிறவர் எழுதுவார். மனசு குளிர்ந்திருக்கும் நேரம் அது. இரண்டு மாதத்தில் 45 பேர் எழுதினார்கள். எல்லாம் ஐந்து இல்லை, மூன்றும் இருந்தது.

பழைய விருந்தினர்களையும் விட்டுவிட வேண்டாம். மச்சான் முன்பதிவு நோட்டில் இருந்த பழைய நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். ஸ்டார் கேட்கவில்லை, "இப்படி ஒரு குழப்பம், நாங்க இல்ல அது" என்று மட்டும் சொன்னார். போன் வழியாகவே தை அமாவாசைக்கு நாலு அறை நிறைந்தது. ரேட்டிங்கைப் பார்க்காமல் வருகிற ஆட்கள் மாடிக்கும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் பதிவு செய்து தங்கியவர் மட்டுமே ரிவ்யூ எழுத முடியும். கமிஷன் வலிக்கும், ஆனாலும் செய்திக் கோபம் அங்கே நுழைய முடியாது. லாட்ஜ் வைத்திருப்பவர் ஒன்றிரண்டு அறையையாவது அப்படி ஒரு தளத்தில் வைப்பது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். மெஸ்ஸுக்கு அது தேவையில்லை.

பக்கத்தை மூடிவிடலாம் என்று சொன்னவர்களுக்கு ஒரே பதில்: முடியாது. ரிவ்யூவை மட்டும் அணைத்து வைக்கும் பொத்தான் கடைக்காரரிடம் இல்லை. "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று குறித்தாலும் அந்த இடமும் ஸ்டாரும் வரைபடத்தில் கிடக்கும். கூடவே உயிரோடிருக்கும் கடைக்குச் சாவு அறிவிப்பும் ஒட்டியதாகிவிடும். அதே கடைக்குப் புதுப் பக்கம் தொடங்கினால் இரட்டைப் பதிவு என்று பிடிபடும்.

பெயரை மாற்றுவது இதைவிட ஆழமான விஷயம். ஹைதராபாத்தின் கராச்சி பேக்கரியை 1953-ல் தொடங்கியவர் பிரிவினையில் சிந்துப் பகுதியை விட்டு இந்தியாவுக்கு வந்த குடும்பத்தவர். இழந்த ஊரின் பெயரைக் கடைக்கு வைத்தார். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, பெங்களூரு இந்திரா நகர் கிளையில் பெயர்ப்பலகையிலிருந்த கராச்சி என்ற சொல்லைத் துணி போட்டு மூட வேண்டி வந்தது. ஆனாலும் அவர்கள் பெயரை விடவில்லை. எங்கள் கடைப் பெயர் அக்காவின் மாமனார் வைத்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் எல்லாம் போய், உடுத்திய துணியோடு தங்கச்சிமடம் வந்து, அந்தச் சாமி பெயரைச் சொல்லி டீக்கடை போட்டவர். அதை எவனோ ஒரு வீடியோவுக்காக மாற்றுவது என்ற பேச்சை அக்கா எடுக்கவே விடவில்லை.

போலீசும் சட்டமும் கடைசி. அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் வருகிறது, இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் இது போலீசார் தாமாகப் பிடித்து விசாரிக்கும் குற்றமில்லை, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் போட வேண்டும். போலிப் பெயரில் எழுதிய 38 பேர் மேல் யார் வழக்கு நடத்துவது? முன்பு இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது, அது நல்லதுதான். ஒற்றை ஸ்டாருக்காக ஒருவரைப் பிடித்து வை என்று கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கோடு இருக்கிறது. கடையை எரிப்போம் என்று எழுதினாலோ, வீட்டுப் பெண்களின் படத்தையோ நம்பரையோ போட்டாலோ, பணம் கேட்டாலோ அது விமர்சனம் இல்லை. அன்றைக்கே சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கோ போக வேண்டும். பணமே போய்விட்டது என்றால் 1930 என்ற உதவி எண். எங்கள் நாற்பதில் அப்படி ஒன்று இருந்தது, அக்காவின் போன் நம்பரோடு. கூகுளில் தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைத் தேர்ந்து புகார் செய்தோம், மறுநாளே போய்விட்டது. போலீசில் எழுதியும் கொடுத்தோம்.

இப்போதைய நிலவரம் இது. ஐந்து பேர் தாங்களாக எடுத்தது, புகாரிலும் மேல்முறையீட்டிலும் போனது எல்லாம் சேர்த்து நாற்பதில் 27 போயிற்று. 13 நிற்கிறது, வெந்நீரும் படுக்கை விரிப்பும் அதில்தான். புது 45-ஐயும் சேர்த்து மொத்தம் 118 ரிவ்யூ, ரேட்டிங் 4.1. பழைய 4.4 இல்லை. ஆனால் 4.0 வடிகட்டிக்குள் வந்துவிட்டோம்.

இன்னொருவர் இதே இடத்தில் நின்று கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். மெஸ், டீக்கடை, சங்குக் கடை என்று வருகிற ஆளை முகத்தால் பிடிக்கும் கடையென்றால் மச்சான் சொன்னதுதான், புகாரை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். லாட்ஜ், வேன் சர்வீஸ், கீழக்கரைத் தொதல் இனிப்பைப் போனில் ஆர்டர் பிடித்துக் கூரியரில் அனுப்புகிறவர் என்றால் முதல் நாள் ஸ்கிரீன்ஷாட்டும் புகாரும், இரண்டாம் நாள் நாலு வரிப் பதிலும் பழைய வாடிக்கையாளருக்குப் போனும், மூன்றாம் நாளிலிருந்து வந்தவர் எல்லாரிடமும் கேட்பது. மிரட்டல் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போலீஸ்.

பெயரை மாற்றவில்லை, ஆனால் அதன் பின்னால் "தங்கச்சிமடம்" என்று சேர்க்கப் போகிறோம். கூகுளில் மட்டும் ஊர்ப்பெயரைச் சேர்த்தால் செல்லாது, கடைப் பலகையில் உள்ள பெயரே அங்கேயும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆகவே முதலில் பலகை. பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹீட்டரை மாற்றியாயிற்று, அதை அந்த மதுரைக்காரருக்கும் அவர் ரிவ்யூவின் கீழே எழுதியிருக்கிறோம்.